கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம்: எலும்பை எடுப்பதா, செயற்கை மூட்டு வைப்பதா?

பூமாலை_பினாங்கு

வணக்கம். அம்மாவுக்காக மகன் கேட்கிறேன். அம்மாவுக்கு வயது 61. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ரொம்ப காலமாக மாலை கட்டுகிறார். இடது கைக் கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் வலி வந்து, இப்போது அந்த இடமே புடைத்துக்கொண்டு நிற்கிறது. மாலை கட்டத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வலது கை நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும், இடது கைதான் காம்புகளைச் சேர்த்து விடாமல் அழுத்திப் பிடித்திருக்கும். கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தினால் பூ நழுவிவிடும். ஒரு கல்யாண மாலையை முடிப்பதற்குள் பல தடவை கையை உதறிக்கொள்கிறார், பாட்டில் மூடி திறக்க என்னைக் கூப்பிடுகிறார், துணி பிழிவதை விட்டே விட்டார்.

ஸ்பிளிண்ட் (விரலை அசையாமல் தாங்கும் உறை), மாத்திரை, ஜெல், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. முதல் ஊசி நன்றாகக் கேட்டது, அடுத்தது அவ்வளவாகக் கேட்கவில்லை. அரசாங்க மருத்துவமனையில் எலும்பு டாக்டர் ஒரு சின்ன எலும்பை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவரிடமும் கேட்போம் என்று தனியாருக்குப் போனால், அங்கே செயற்கை மூட்டு வைக்கலாம், சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம் என்கிறார்கள். எலும்பையே எடுத்துவிட்டால் விரல் தொங்கிவிடாதா என்று அம்மாவுக்குப் பயம், எனக்கும்தான். செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

செந்தூல்_தையல்

தம்பி, எனக்கு வலது கையில் அந்த எலும்பை எடுத்துவிட்டார்கள். விரல் தொங்கவில்லை. நேற்றுகூட அந்தக் கையால்தான் ரவிக்கைத் துணி வெட்டினேன்.

எனக்குச் செய்தது எலும்பை எடுத்துவிட்டு, முன்கையில் இருக்கும் ஒரு தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) பாதியைப் பிரித்துக் கொண்டுவந்து கட்டைவிரல் எலும்பைத் தாங்கலாகக் கட்டும் முறை. அதனால் கட்டைவிரல் அடியில் ஒரு தழும்பு, முன்கையில் சின்னச் சின்னதாகத் தழும்புகள். வலி போய்விட்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் சீக்கிரம் போகவில்லை. கட்டுப் பிரித்த அன்று விரலைப் பார்த்தால் மெலிந்து, தோல் உரிந்து, என் விரல் மாதிரியே இல்லை. ஊசியில் நூல் கோக்கிற அளவு பிடி வர மாதக்கணக்கானது. கனமான கத்தரிக்கோலால் கோட்டுத் துணி வெட்டுவது அதற்கும் பிறகுதான். கட்டைவிரலின் பின்பக்கம் தோலில் ஒரு இடம் இன்னும் மரத்திருக்கிறது. அங்கே ஓடும் மெல்லிய நரம்பு அறுவையில் இழுபடலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். உங்கள் அம்மாவிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

ஓ_டி_கிள்ளான்

நான் டாக்டர் இல்லை, கை சிகிச்சையில் ஓ.டி., அதாவது தொழில்வழி சிகிச்சையாளர். இந்த அறுவை முடிந்து வருகிறவர்களை அடிக்கடி பார்ப்பதால் எழுதுகிறேன், முடிவு உங்கள் அறுவை மருத்துவரோடுதான்.

அந்த மூட்டில் ஒரு பக்கம் கட்டைவிரலின் நீள எலும்பு, மறுபக்கம் மணிக்கட்டு எலும்புகளில் ஒன்றான டிரப்பீசியம். இரண்டும் குதிரைச் சேணம் போல ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். கட்டைவிரல் எல்லாப் பக்கமும் திரும்பி மற்ற விரல்களைத் தொடுவது இந்த மூட்டால்தான். ஆனால் அது தாங்கும் பாரம் அதிகம். 1977-ல் கூனி, சாவோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்: விரல் நுனியில் 1 கிலோ அழுத்திக் கிள்ளிப் பிடித்தால் அடிமூட்டில் சுமார் 12 கிலோ இறங்குகிறது. உங்கள் அம்மா நாள் முழுக்கக் காம்பை அழுத்திப் பிடிக்கிறார் என்றால் அந்த மூட்டு என்ன பாடுபட்டிருக்கும் என்று பாருங்கள். வேலை மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது பொதுவாகவே அதிகம், கடினமான கைவேலை எதுவும் செய்யாதவர்களுக்கும் வருகிறது.

டிரப்பீசியத்தை எடுப்பது புதிய முறையும் இல்லை. ஜெர்விஸ் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1949-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். எலும்பை எடுத்த இடத்தில் முதலில் இரத்தம் உறைந்து, பிறகு தழும்புத் திசு வளர்ந்து நிரப்பிக்கொள்ளும். கட்டைவிரல் கொஞ்சம் கீழே இறங்கும், சற்றுக் குட்டையாகும். தொங்காது. எலும்போடு எலும்பு உரசுவது நின்றுவிடுவதால் வலி குறைகிறது.

அப்புறம், செந்தூல் அக்கா சொன்ன தசைநாண் கட்டும் முறையை 1986-ல் பர்ட்டன், பெலெக்ரினி இருவரும் எழுதினார்கள், அதன்பின் உலகம் முழுவதும் பரவியது. விரல் கீழே இறங்காமல் தாங்கிப் பிடித்தால் பலம் கூடும் என்பது அதன் எண்ணம். ஆனால் நாட்டிங்ஹாமில் டேவிஸ் குழுவினர் 183 கட்டைவிரல்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு எலும்பை மட்டும் எடுத்தார்கள், சிலருக்குத் தசைநாணும் சேர்த்துச் செய்தார்கள். 2004-ல் வந்த முடிவு: ஒரு வருடம் கழித்து வலியிலும் பலத்திலும் வித்தியாசம் இல்லை. பல வருடம் கழித்து அதே ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தபோதும் அப்படித்தான். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பும் எந்த ஒரு முறையையும் மற்றதைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்றது.

ஆகவே அரசாங்க மருத்துவமனையில் எலும்பை மட்டும் எடுப்பார்கள் என்பதால் அது மட்டமான வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த எண்ணம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது, எனக்கு அது மனவருத்தம் தருகிறது.

பட்டர்வொர்த்_வெல்டிங்

மூன்றாவது வழியும் இருக்கிறது தம்பி, இதுவரை யாரும் சொல்லவில்லை. எனக்கு மூட்டையே ஒட்டிவிட்டார்கள். இரண்டு எலும்பையும் சேர்த்து பிளேட், ஸ்குரூ போட்டு ஒரே எலும்பாக்குவது. நாற்பதைத் தாண்டியதும் எனக்கு இந்த வலி வந்தது, பழைய அடி ஒன்று காரணம். நான் சுத்தியல் பிடிக்க வேண்டும், டார்ச் பிடிக்க வேண்டும், இரும்பு தூக்க வேண்டும். பலம்தான் முக்கியம் என்றேன், டாக்டரும் ஒத்துக்கொண்டார். சிகரெட்டை விட்டால்தான் எலும்பு ஒட்டும் என்று கறாராகச் சொன்னார், விட்டேன்.

பிடி இரும்பு மாதிரி இருக்கிறது. இழந்தது என்னவென்றால், உள்ளங்கையை மேசையில் தட்டையாக வைக்க முடியாது. ஜீன்ஸ் பைக்குள் கை நுழையாது. இறுக்கமான கையுறை போடக் கஷ்டம். சுண்டுவிரல் அடியைக் கட்டைவிரலால் தொட முடியாது. என் வேலைக்கு இதெல்லாம் பரவாயில்லை. மாலை கட்டுகிறவருக்கு எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஓ_டி_கிள்ளான்

அண்ணனுக்கு அது சரியான தேர்வு. வயது குறைவு, கனமான வேலை, பக்கத்து மூட்டுகள் நன்றாக இருக்கின்றன என்றால் ஒட்டுவதைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் நெதர்லாந்தில் 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களை வைத்து, ஒட்டுவதையும் தசைநாணோடு எலும்பை எடுப்பதையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒட்டிய பக்கம் சிக்கல்கள் அதிகமானதால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அது 2014-ல் வெளிவந்தது. பூமாலைத் தம்பியின் அம்மாவுக்கு நான் அந்தப் பக்கம் யோசிக்கவே மாட்டேன். மாலை கட்ட விரல் சுழல வேண்டும்.

சுபாங்_மருமகள்

என் மாமியாருக்கு செயற்கை மூட்டு வைத்தோம், தனியாரில். ஆகவே அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன்.

கட்டைவிரல் எலும்புக்குள் ஒரு தண்டு, டிரப்பீசியத்துக்குள் ஒரு கிண்ணம், நடுவில் பந்து. இடுப்பு மூட்டு மாற்றுவது கேள்விப்பட்டிருப்பீர்கள், அதன் சின்ன உருவம். அவருக்கு பெரிய கட்டு போடவில்லை, கொஞ்ச நாளிலேயே விரலை மெதுவாக அசைக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் மாதமெல்லாம் தேங்காய் துருவ ஆரம்பித்துவிட்டார், நாங்கள்தான் தடுத்தோம். விரல் குட்டையாகவில்லை, புடைப்பு போய்விட்டது, பார்க்கவும் இயல்பாக இருக்கிறது.

செலவு அதிகம். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) இருந்ததால் முடிந்தது. அதிலும் ஜி.எல்., அதாவது காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம், வருவதற்கு முன் இம்பிளாண்ட் விலை முழுதும் கார்டில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கினோம். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். கார்டு இல்லாதவர்கள் மொத்த மதிப்பீட்டைத் தாளில் வாங்கிய பிறகுதான் தேதி கொடுக்க வேண்டும்.

செந்தூல்_தையல்

சுபாங் அக்கா, மாமியார் நன்றாக இருப்பது சந்தோஷம். ஆனால் உள்ளே வைத்த பொருள் தளர்ந்தால்? கழன்றால்? பூமாலைத் தம்பியின் அம்மாவுக்கு 61தான், இன்னும் எத்தனையோ வருடம் அந்தக் கை உழைக்க வேண்டும். என்னிடம் கழல்வதற்கு ஒன்றுமில்லை. இந்த நிம்மதியை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஓ_டி_கிள்ளான்

இரண்டு அக்காவும் சொல்வது உண்மைதான். இந்த வகை மூட்டு 1970களில் பிரான்ஸில் தொடங்கியது. பழைய வடிவங்களில் கிண்ணம் தளர்வது, பந்து நழுவுவது இரண்டும் தொல்லை கொடுத்தன. இப்போது பந்துக்கு வெளியே இன்னொரு உறையும் அசைகிற இரட்டை அசைவு வடிவம் வந்த பிறகு நழுவுவது நன்றாகக் குறைந்திருக்கிறது. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் நிறைய வைக்கிறார்கள். முதல் சில மாதங்களில் கை சீக்கிரம் தேறுவதும் உண்மை. பின்னாளில் கெட்டுப்போனால் அதைக் கழற்றி டிரப்பீசியத்தையும் எடுத்து, செந்தூல் அக்காவுக்குச் செய்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம். அதாவது வழி அடைபடாது, ஆனால் இரண்டாவது அறுவை என்பது இரண்டாவது அறுவைதான்.

ஒன்று கவனியுங்கள். செயற்கை மூட்டு வைக்க டிரப்பீசியம் எலும்பு போதிய உயரத்தில் மிச்சம் இருக்க வேண்டும், அதன் மறுபக்கத்து மூட்டு கெட்டிருக்கக் கூடாது. அங்கேயும் தேய்ந்திருந்தால் முன்பக்கத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, எலும்பை எடுப்பதுதான் இரண்டு வலிக்கும் சேர்த்து வழி. தம்பி, எக்ஸ்ரே அறிக்கையில் அந்த மூட்டைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா?

ஆயர்_ஈத்தாம்_வாசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அக்காவுக்கும் இதே இடத்தில் வலி. உருட் (மலாய் முறை நீவல்) போடும் ஒருவரிடம் போகிறார், எண்ணெய் போட்டு விரலை இழுத்துச் சொடுக்கு எடுக்கிறார்கள். இரண்டு நாள் சுகம், பிறகு இன்னும் வீங்குகிறது. அறுவை என்றாலே அக்கா வேண்டாம் என்கிறார். வேறு வழியே இல்லையா?

ஓ_டி_கிள்ளான்

உள்ளங்கைச் சதையை மெதுவாக நீவுவதில் தவறில்லை. விரலை இழுப்பது, முறுக்குவது, சொடுக்குவது மூன்றையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தேய்ந்த மூட்டை இழுத்தால் அதைத் தாங்கும் நார்கள்தான் மேலும் தளரும்.

அறுவை கடைசி வழி. முதலில் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) போகட்டும், பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். நிபுணரிடம் போகக் கடிதம் வாங்கலாம், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். அது உண்மையிலேயே இந்த மூட்டுதானா என்று முதலில் தெரிய வேண்டும். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் தசைநாண் உறை வீங்கினாலும் ஏறக்குறைய அதே இடத்தில் வலிக்கும், அதற்கு வைத்தியம் வேறு. விரல்கள் இரவில் மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பு அழுத்தமும் சேர்ந்திருக்கலாம், இந்த வயதில் இரண்டும் ஒன்றாக வருவது சகஜம். காலையில் பல விரல் மூட்டுகளும் விறைத்து வீங்கினால் வாத நோய்க்கான இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும்.

ஸ்பிளிண்ட் கடையில் வாங்கியதா, ஓ.டி. செய்து கொடுத்ததா என்பதிலும் நிறைய வித்தியாசம். நாங்கள் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு, இளகியதும் துடைத்து, ஆளின் கையிலேயே வைத்து அழுத்தி வடிவம் எடுப்போம். கட்டைவிரல் வட்டமாக வளைந்து நிற்கும் நிலையில் பிடித்துக்கொண்டே ஆறவிட வேண்டும். மணிக்கட்டையும் விரல் நுனியையும் விட்டுவிட்டு அடிமூட்டை மட்டும் தாங்கினால் வேலையோடு போட்டுக்கொள்ளலாம். கடை ஸ்பிளிண்ட் பெரும்பாலும் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிவிடும், சமையல்கட்டில் நுழைந்ததும் எல்லாரும் கழற்றி வைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டெராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும். நம்மவர்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு, ஊசிக்கு முன் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

பூமாலை_பினாங்கு

எல்லாருக்கும் பெரிய நன்றி. அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். டிரப்பீசியத்தின் மறுபக்கத்து மூட்டிலும் தேய்மானம் இருப்பதாக எழுதியிருக்கிறது. தனியாரில் இதைப் பற்றி எங்களிடம் யாரும் பேசவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. அப்படியானால் எலும்பை எடுப்பதுதான் சரி என்று தோன்றுகிறது, அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் அறிக்கையைக் காட்டியே கேட்கப்போகிறேன்.

அடுத்த கவலை, எப்போது செய்வது. தைப்பூசம் வரை வேலை குவியும், பிறகு பங்குனி உத்திரம், வைகாசியில் கல்யாணங்கள், ஆடியில் அம்மன் கோயில்கள், அப்புறம் நவராத்திரி, தீபாவளி. ஓய்வான மாதம் என்று ஒன்று இந்தத் தொழிலில் இல்லை. எத்தனை மாதம் அம்மாவை உட்கார வைக்க வேண்டும்?

ஓ_டி_கிள்ளான்

பொதுவாக 4 முதல் 6 வாரம் கட்டு அல்லது ஸ்பிளிண்ட். சிலருக்கு ஒரு கம்பி செருகி, பின்னால் எடுப்பார்கள். அதன்பின் மெதுவாக விரல் அசைவு, பிறகு பலம். லேசான வேலைக்கு 3 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடிக்கும் வேலைக்கு அதையும் தாண்டும், முழுப் பலம் வர 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகலாம். பண்டிகைக் கணக்குப் பார்த்தால் பங்குனி உத்திரம் முடிந்ததும் செய்துகொண்டு, வைகாசிக் கல்யாண வேலையை விட்டுவிட்டு, ஆடியில் கட்டாமல் கடையில் உட்கார்ந்து விற்க மட்டும் செய்யலாம். நவராத்திரிக்குச் சின்னச் சரம் தொடங்கலாம்.

சர்க்கரையை இப்போதே பிடித்து வையுங்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) அதிகமாக இருந்தால் காயம் ஆறத் தாமதமாகும், தொற்றும் வரலாம், அறுவையையே தள்ளிப்போடுவார்கள். மயக்க மருந்துக்கு அம்மா பயந்தால் கையை மட்டும் மரக்கச் செய்து செய்ய முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் செய்கிறார்கள்.

செந்தூல்_தையல்

வீட்டு விஷயங்கள் சிலவற்றைச் சொல்கிறேன், டாக்டர்கள் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்க மாட்டார்கள். முதல் வாரம் கையைத் தொங்கவிடக் கூடாது, உட்கார்ந்தாலும் படுத்தாலும் தலையணை மேல் நெஞ்சுக்கு உயரத்தில். மற்ற விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவையும் விறைத்துக்கொள்ளும். ரவிக்கைக் கொக்கி ஒரு கையால் போட முடியாது, முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான சட்டைகள் எடுத்து வையுங்கள். பின்னல் போட ஆள் வேண்டும். அம்மா கேட்க மாட்டார், கேட்பதற்கு முன் செய்யுங்கள். கட்டுக்குள் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் நீலமாகி வீங்கினாலோ சந்திப்புத் தேதி வரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

பட்டர்வொர்த்_வெல்டிங்

கட்டு பிரித்த பிறகு பயிற்சியை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. என்னோடு சிகிச்சைக்கு வந்தவர்களில் வலி போனதும் வருவதை நிறுத்தியவர்கள் இருந்தார்கள், அவர்கள் கை அப்படியே நின்றுவிட்டது.

பூமாலை_பினாங்கு

அம்மாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். செந்தூல் அக்கா அந்தக் கையால் துணி வெட்டுகிறார் என்றதும் அம்மாவின் முகத்தில் பயம் கொஞ்சம் விலகியது. ஓ.டி. அக்கா அல்லது அண்ணன், ஒரே ஒரு கேள்வி. திரும்பவும் மாலை கட்ட முடியுமா?

ஓ_டி_கிள்ளான்

அக்காதான். பெரும்பாலானவர்கள் கட்டுகிற மாதிரி வேலைகளுக்குத் திரும்புகிறார்கள், ஆனால் பழைய நேரக்கணக்கில் தொடர்ந்து அழுத்திப் பிடிப்பதை நான் விடமாட்டேன். செவ்வந்தியும் ரோஜாவும் ஊசியில் கோக்கலாம், அதற்குக் காம்பைக் கிள்ளிப் பிடிக்க வேண்டியதில்லை. நாரில் கட்ட வேண்டியதை மட்டும் நடுநடுவே நிறுத்திக் கட்டட்டும், மற்றதைக் கூட இருப்பவர்கள் செய்யலாம். ஸ்பிளிண்ட் போட்டுக்கொண்டே நூல் பிடித்துப் பார்க்கட்டும், எங்கே இடிக்கிறதோ அங்கே நான் வெட்டிக் கொடுப்பது போல் அங்குள்ள ஓ.டி.யும் வெட்டிக் கொடுப்பார். முதல் சந்திப்புக்கு ஒரு முழம் நூலும் நாலு செவ்வந்தியும் எடுத்துப் போங்கள்.

டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அம்மா கிள்ளிப் பிடிக்கும்போது கட்டைவிரலின் நடுமூட்டு பின்பக்கமாக வளைகிறதா என்று இப்போதே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடிமூட்டு தேய்ந்தவர்களுக்கு நாளடைவில் அப்படி வளையும். வளைவு 30 டிகிரிக்கு மேல் என்றால் எலும்பை எடுக்கும்போதே அந்த மூட்டையும் சரிசெய்ய வேண்டியிருக்கும், விட்டுவிட்டால் பிடி தளர்ந்தே இருக்கும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு காட்டுங்கள்.